ஆற்றைத் தேடிப் போகும் அண்ணாமலையார்

திருவண்ணாமலைக்கு ஒரு குறை உண்டு. மலை இருக்கிறது. 217 அடி உயரமுள்ள ராஜகோபுரம் இருக்கிறது. கார்த்திகை தீபம் இருக்கிறது. பௌர்ணமிதோறும் கிரிவலம் வரும் ஜனத்திரளுக்கோ கணக்கே கிடையாது. ஆனால் ஊரில் ஓர் ஆறு இல்லை.

ஸ்ரீரங்கத்தை நினைத்தால் காவேரி கூடவே நினைவுக்கு வருகிறாள். மதுரைக்கு வைகை, திருநெல்வேலிக்குத் தாமிரபரணி, திருக்கோவலூருக்குப் பெண்ணை. பெரிய க்ஷேத்திரம் என்றால் பக்கத்தில் ஒரு நதியும், அதற்கு ஒரு படித்துறையும், படித்துறையில் ஓர் அரசமரமும் இருக்க வேண்டும் என்பது நம்மவர் மனத்தில் ஊறிப்போன சித்திரம். ஆறு ஓடாத ஊருக்கு அழகில்லை என்று ஔவைப் பாட்டியே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அண்ணாமலையார் அந்தக் குறையை எப்படித் தீர்த்துக்கொள்கிறார் தெரியுமா? ஆறு தம்மிடம் வராவிட்டால் தாமே புறப்பட்டு ஆற்றுக்குப் போய்விடுகிறார். வருஷத்தில் ஒரு முறை அல்ல, மூன்று முறை! மூன்று தடவையும் வெவ்வேறு நதி. தை, மாசி ஆகிய இரண்டு மாதங்களுக்குள் இந்த மூன்று பிரயாணங்களும் நடந்து முடிந்துவிடுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, நதிகளில் வெள்ளம் வடிந்து, மணல் திட்டுகளுக்கு நடுவே தெளிந்த நீர் ஓடும் காலம் அது. ஜனங்கள் பயமின்றி ஆற்றில் இறங்கலாம். நாள் குறித்த பெரியவர்கள் பஞ்சாங்கத்தோடு ஆற்றையும் பார்த்துத்தான் குறித்திருக்க வேண்டும்.

தை ஐந்தில் பெண்ணை

முதல் பிரயாணம் தை மாதம் ஐந்தாம் தேதி. பொங்கல் கரும்பின் இனிப்பு நாக்கைவிட்டுப் போவதற்குள், உற்சவமூர்த்தி திருவண்ணாமலையிலிருந்து புறப்பட்டுத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மணலூர்பேட்டைக்கு எழுந்தருளுகிறார். வழியிலுள்ள கிராமங்களில் எல்லாம் நின்று நின்று, தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டுகிறவர்களுக்கு முகம் கொடுத்துத்தான் போக வேண்டும். மணலூர்பேட்டையில் தென்பெண்ணை அகலமாகக் கிடக்கிறது. அங்கே சூலத்தை நீரில் அமிழ்த்தித் தீர்த்தவாரி நடக்கும். சுற்று வட்டாரத்துத் தெய்வங்களும் அன்றைக்கு அதே மணலில் வந்து கூடுவார்கள்.

ஆற்றுத் திருவிழா என்பது தென்பெண்ணைக் கரை ஜனங்களுக்கே உரிய சொத்து. மணலில் கடை பரப்பியிருக்கும் கிழங்கு வகைகளைப் பார்க்க வேண்டும்! சிறுவள்ளிக் கிழங்கு என்று ஒன்று, வருஷத்தில் இந்தச் சில நாட்கள்தான் கண்ணில் படும். அதை வாங்காமல் வீடு திரும்பினால் ஆற்றுத் திருவிழாவுக்குப் போனதாக வீட்டில் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பட்டணங்களில் ஆற்றங்கரைகளை அழகுபடுத்தத் திட்டம் போடுகிறவர்கள் ஒரு தடவை இந்த மணலில் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். சிமெண்டு இல்லை, விளக்குத் தூண் இல்லை, நுழைவுக் கட்டணம் இல்லை. கரை முழுவதும் ஜனங்கள்!

இந்தப் பெண்ணை எங்கிருந்து வருகிறாள்? கர்நாடகத்தில் நந்தி மலைத் தொடரில் பிறந்து, அங்கே தட்சிண பினாகினி என்று பெயர் பெற்று, பெங்களூரின் கிழக்குப் புறத்தைத் தொட்டுக்கொண்டு ஓசூர் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறாள். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம் என்று 400 கிலோமீட்டருக்கு மேல் நடந்து கடலூரில் கடலோடு கலக்கிறாள். பெங்களூர்ப் பட்டணத்தின் சாக்கடையும் ஆலைக் கழிவும் அவளுக்கு வழியில் கிடைக்கும் சீதனம். ஓசூருக்குப் பக்கத்திலுள்ள கெலவரப்பள்ளி அணையில் மழைக் காலத்தில் வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கி மிதக்கும் காட்சியைப் பத்திரிகைப் படங்களில் வாசகர்கள் பார்த்திருக்கலாம். பார்க்கப் பனிமலைபோல் இருக்கும். கிட்டே போனால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலே ஒரு நகரம் ஆற்றை என்ன செய்கிறதோ அதைக் கீழே உள்ள கிராமம் அனுபவிக்கிறது.

சேய் தந்த ஆறு

இரண்டாவது பிரயாணம் ரதசப்தமி அன்று. இப்பொழுது வடக்குத் திசை. இருபது கிலோமீட்டருக்கு மேல் கடந்து கலசபாக்கத்தில் செய்யாற்றங்கரைக்குச் சுவாமி போகிறார். அவ்வூர்க் கோவிலிலிருந்து திருமாமுடீசுவரரும் ஆற்றுக்கு வந்து எதிர்கொள்ள, இருவருக்கும் அங்கே தீர்த்தவாரி.

செய்யாறு ஜவ்வாது மலையில் தோன்றிச் செங்கம் வழியாக ஓடி வருகிறது. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணாமலைக்குத் தவம் செய்ய வந்த அம்பிகைக்கு வழியில் தண்ணீர் தேவைப்பட, மகன் முருகன் வேலை எறிந்து வரவழைத்த நதி இது என்று ஸ்தல புராணம் சொல்லும். சேய் கொடுத்த ஆறு என்பதால் சேயாறு. அதுவே பிறகு செய்யாறு ஆயிற்றாம். கதை எப்படியானாலும் ஆற்றின் வயதைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், நன்னன் என்ற சிற்றரசனின் செங்கண்மா நகரத்தையும் இந்தச் சேயாற்றையும் பேசுகிறது. அந்தச் செங்கண்மாதான் இன்றைய செங்கம்.

தகப்பனாருக்குத் திதி

மூன்றாவது பிரயாணத்தின் கதைதான் உருக்கமானது. ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர் தம்முடைய கடைசிக் காலத்தில் திருவண்ணாமலையையே தலைநகராகக் கொண்டு ஆண்டார். ஊருக்கு அப்போது அருணசமுத்திரம் என்று ஒரு பெயரும் இருந்தது. மதுரை சுல்தானோடு நடந்த யுத்தத்தில் சிறைப்பட்டு, 1342-43 வாக்கில் மதுரையில் கொல்லப்பட்டார். இது சரித்திரம். அவருக்குப் பிள்ளை இல்லாததால் அண்ணாமலையாரே பிள்ளையாக வந்தார் என்பது பக்தர்கள் போற்றிக் காத்துவரும் நம்பிக்கை.

தைப்பூசத்தன்று சுவாமி ஈசானிய தீர்த்தத்துக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி முடித்துக் கோவிலுக்குத் திரும்பும்போது, அரசர் மாண்ட செய்தி வந்து சேருகிறது. உடனே மேளதாளங்கள் நின்றுவிடும். தந்தையை இழந்த மகன் எப்படி வீடு திரும்புவானோ அப்படி, ஓசையில்லாமல் சுவாமி கோவிலுக்குள் போவார். அதன் பிறகு மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக் கரைக்கு எழுந்தருளி, மகன் ஸ்தானத்தில் இருந்து வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுக்கிறார். எத்தனையோ பேர் அன்று அதே கரையில் தங்கள் தாய் தகப்பனாருக்கும் தர்ப்பணம் செய்கிறார்கள். அறுநூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்ட ஒரு மரணத்துக்கு இன்னும் ஓர் ஊர் துக்கம் காப்பது வேறெங்கே உண்டு?

ஆறில்லாத ஊருக்கு இவ்வளவு ஆற்று உறவு இருப்பது அதிசயமாகத்தான் தோன்றும். ஆற்றை வாசலிலேயே வைத்துக்கொண்டிருக்கும் ஊர்களின் கதையோ வேறாக இருக்கிறது. சென்னையில் கூவத்தின் கரையில் 1970-களின் தொடக்கத்தில் படகுத் துறைகள் கட்டினார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ திட்டங்கள் வந்தும், கூவத்தின் பாலத்தை இன்றும் நாம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டுதான் கடக்கிறோம். மதுரையில் வைகையின் இரு கரைகளிலும் சுவர் எழுப்பிச் சாலை போட்டாயிற்று. சித்திரையில் அழகர் இறங்கும்போது மட்டும் அது ஆறு. மற்ற நாட்களில் ஊர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

சாத்தனூரில் கட்டிய கடல்

தென்பெண்ணையைத் திருவண்ணாமலை ஜில்லாவோடு உண்மையில் பிணைத்தது சாத்தனூர் அணை. காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் கட்டி 1958-ல் முடிந்த அணை இது. 119 அடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். நிரம்பினால் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. வயலுக்கும் இதுதான், திருவண்ணாமலை ஊரின் குடிதண்ணீர்க் குழாய்க்கும் இதுதான். ஆக, ஊருக்குள் ஆறு ஓடவில்லை என்று சொல்கிறோமே, குழாயைத் திறந்தால் பெண்ணை ஓடத்தான் செய்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்கும் சாத்தனூர்தான் கதி. பூங்கா, முதலைப் பண்ணை, வாயிலில் வறுத்துத் தரும் மீன். குழந்தைகளுக்கு முதலை, பெரியவர்களுக்கு மீன். அந்த அணைச் சுவரின் மேல் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர். இதெல்லாம் எங்கே போய்விடும் என்ற ஒரு நிம்மதி மனத்தில் எழும்.

அந்த நிம்மதி 2024 டிசம்பரில் கலைந்தது. ஃபெங்கல் புயல் நவம்பர் 30-ஆம் தேதி இரவு கரையைக் கடந்து, உள்நாட்டுக்குள் நகர மறுத்து, விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரங்களில் கொட்டித் தீர்த்தது. மேலேயிருந்து வெள்ளம் சாத்தனூருக்கு வந்து சேர்ந்தது. டிசம்பர் 2-ஆம் தேதி விடியற்காலையில் அணையிலிருந்து வெளியேறிய நீர் விநாடிக்கு 1,68,000 கன அடி. இந்த எண்ணின் பருமன் விளங்க ஓர் ஒப்பு: 2015 டிசம்பரில் சென்னை அடையாற்றைப் பெருகச் செய்ததாகப் பேசப்பட்ட செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்த நீர் விநாடிக்கு 29,000 கன அடிதான்.

மணலூர்பேட்டையும், திருக்கோவலூரும், அரகண்டநல்லூரும், விழுப்புரம், கடலூர்க் கரையோரக் கிராமங்களும் அந்த வெள்ளத்தில் என்ன பாடுபட்டன என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அணைக்குக் கீழே அகரம்பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைக்க சுமார் 16 கோடி ரூபாயில் கட்டிய மேம்பாலம், திறந்து மூன்று மாதத்தில் அடித்துக்கொண்டு போயிற்று. முன்னறிவிப்பு நேரத்தோடு கிடைத்ததா இல்லையா என்று அப்புறம் பெரிய வாதம் நடந்தது. கட்சிகள் ஒன்றையொன்று சாடின. அந்த வாதத்துக்குள் நாம் போக வேண்டாம். ஏனென்றால் அணையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரும் வர முடியாத இடத்தில், ஆறே இல்லாத ஊரில், அதற்கு முந்தின நாளே உயிர்கள் போய்விட்டன.

மலையிலிருந்து வந்த ஆறு

டிசம்பர் 1-ஆம் தேதி மாலை. திருவண்ணாமலையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகர். இடைவிடாத மழையில் மேலே சரிவில் மண் இளகி, பாறையோடு சேர்ந்து உருண்டு வந்தது. ஒரு வீடு மண்ணுக்குள் புதைந்தது. உள்ளே இருந்த ஏழு பேரும் மாண்டார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த வருஷம் தீபத்தன்று மலைமேல் ஏறப் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. சிவமே மலையாக நிற்கிறது என்று வணங்கும் ஊருக்கு அது தாங்க முடியாத துக்கம்.

அந்த டிசம்பர் வரை யாரும் கவனிக்காத ஒரு விஷயம் அப்போதுதான் பேச்சுக்கு வந்தது என்று சொல்ல முடியாது. ஊரிலுள்ள முதியவர்களுக்கு இது தெரிந்த சமாசாரம். 2,668 அடி உயரமுள்ள மலையின்மேல் பெய்யும் மழை எங்கே போகும்? கீழேதான் வரும். நாலு பக்கமும் ஓடைகளாக இறங்கும். மலையைச் சுற்றித் தீர்த்தங்களும் குளங்களும் ஏரிகளும் இத்தனை இருப்பது சும்மா அல்ல. ஈசானிய தீர்த்தம், அக்கினி தீர்த்தம், சிங்கத் தீர்த்தம், ஐயங்குளம், தாமரைக் குளம், கோவிலுக்குள்ளே சிவகங்கையும் பிரம்ம தீர்த்தமும், ரமணாசிரமத்துக்குத் தெற்கே பெரிய சமுத்திரம் ஏரி. நாம் புண்ணியத்துக்காக முங்குகிறோம், சரி. வெட்டியவர்கள் புண்ணியத்தோடு இன்னொரு கணக்கும் வைத்திருந்தார்கள். மலையிலிருந்து வேகமாக இறங்குகிற நீரை ஓரிடத்தில் உட்காரவைக்க வேண்டும். நிரம்பினால் அடுத்த இடத்துக்கு அனுப்ப வேண்டும். அதுவும் நிரம்பினால் கலிங்கு வழியாக வெளியே விட வேண்டும்.

ஏரி என்றால் கரையும் தண்ணீரும் மட்டும் என்று பட்டணவாசிகள் நினைக்கிறார்கள். கிராமத்து விவசாயியைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். வரத்துக் கால்வாய் ஏரிக்குக் கை, மதகு வாய், கலிங்கு மூச்சுக்குழல். மூன்றில் எதை அடைத்தாலும் ஏரி சாகும். சாகும்போது பக்கத்தில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு போகும். பெருகி வரும் நீரைத் தாங்காத கரை உடையும். அல்லது தண்ணீர் தெருவையே கால்வாயாக்கிக்கொள்ளும்.

ஆகையால் திருவண்ணாமலையில் ஆறு இல்லை என்று இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்னது பாதி நிஜம்தான். வருஷத்தில் பத்து நாளோ பதினைந்து நாளோ மட்டும் ஓடுகிற ஓர் ஆறு இங்கே இருக்கிறது. மலையில் பிறந்து, ஓடைகளாகத் தெருக்களின் ஓரமாக இறங்கி, குளங்களில் தங்கி, ஏரிகளில் இளைப்பாறி, துரிஞ்சலாறு வழியாகத் தென்பெண்ணையில் சேர முயலுகிற ஆறு. மற்ற நாட்களில் அதன் படுகை காய்ந்து கிடப்பதால் அது ஆறு என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. காய்ந்த படுகை காலி மனையைப் போலவே இருக்கும். ஊர் பெருகப் பெருக, பௌர்ணமிக் கூட்டம் பெருகப் பெருக, மனை விலை ஏற ஏற, காலி மனை எத்தனை நாளைக்குக் காலியாக இருக்கும்? 1989-ல் ஜில்லாவின் தலைநகராகவும் 2024-ல் மாநகராட்சியாகவும் உயர்ந்த ஊர் இது.

மலைச் சரிவில் வீடு கட்டியவர்களைக் குற்றவாளிகளாக்குவது சுலபம். அது நியாயம் ஆகாது. கீழே விலை கொடுத்து இடம் வாங்க முடியாதவர்கள்தான் மேலே ஏறுகிறார்கள். அவர்கள் வீடுகளுக்குத் தெருவும், மின்சாரமும், வரி ரசீதும் எப்படியோ வந்துவிடுகின்றன. ஒரு நாள் மழை வரும்போது மட்டும், இங்கே ஏன் கட்டினாய் என்று கேட்கிறோம்.

டொரண்டோவில் ஒரு ராத்திரி

இதே கேள்வியை இன்னொரு ஊர் எழுபது வருஷத்துக்கு முன்பே கேட்டுக்கொண்டது. அந்த ஊரில் இன்று நம் தமிழர்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். கனடாவின் டொரண்டோதான் அது.

கனடாவின் நகரங்கள் பெரும்பாலும் ஆற்றுப் பிள்ளைகள். கால்கரியில் போ ஆறும் எல்போ ஆறும் கூடுகின்றன. வின்னிபெக்கில் சிவப்பு ஆறும் அசினிபாயின் ஆறும். எட்மண்டனை வட சஸ்காச்சுவான் ஆறு இரண்டாகப் பிளக்கிறது. தலைநகரான ஒட்டாவாவில் 1832-ல் வெட்டிய ரிடோ கால்வாய் குளிர்காலத்தில் உறைந்துபோனால், ஜனங்கள் அதன்மேல் காலில் சறுக்குக் கட்டை மாட்டிக்கொண்டு 7.8 கிலோமீட்டர் தூரம் சறுக்கிப் போவார்கள். நாமானால் உறைந்த கால்வாயில் காலை வைப்பதற்கு முன் குலதெய்வத்தை வேண்டிக்கொள்வோம்! ஆற்றங்கரைப் பூங்காக்களும் சைக்கிள் பாதைகளும் பார்த்தால் பொறாமையாக இருக்கும்.

அந்தப் பூங்காக்கள் எப்படி வந்தன என்பதுதான் கவனிக்க வேண்டியது. 1954 அக்டோபர் 15-ஆம் தேதி இரவு ஹேசல் என்ற புயல் டொரண்டோவைத் தாக்கியது. கடற்கரையிலிருந்து வெகு தொலைவிலுள்ள அந்த ஊரில் புயலை யார் எதிர்பார்த்தார்கள்? ஹம்பர் ஆறு பெருகிக் கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் ஓரிரவில் 35 பேர் மாண்டார்கள். ஒண்டாரியோ மாகாணத்தில் மொத்தம் 81 பேர். அவர்களும் ஆற்றின் படுகையைக் காலி மனை என்று நினைத்து வீடு கட்டிக் குடியேறியவர்கள்தாம்.

மறுபடியும் அதே இடத்தில் வீடு கட்ட டொரண்டோ சம்மதிக்கவில்லை. ஆற்றுப் பள்ளத்தாக்குகளைப் பராமரிக்க 1957-ல் தனி அமைப்பு ஏற்பட்டது. வெள்ளம் பாயக்கூடிய நிலங்களைச் சர்க்கார் விலை கொடுத்து வாங்கியது. அங்கே குடியிருப்பு கூடாது என்று தடை வந்தது. குடியிருக்கக் கூடாத நிலத்தை என்ன செய்வது? மரமும் புல்லும் வளர்த்தார்கள், நடைபாதை போட்டார்கள். வீடுகள் இருந்த ரேமோர் தெருவின் ஒரு பகுதி இன்று ஒரு பூங்கா. நாம் படத்தில் பார்த்து வியக்கும் பசுமையின் வேர் அந்த 81 மரணங்களில் இருக்கிறது. வெள்ளம் வந்தால் புல் நனையும், ஆள் சாவதில்லை.

வின்னிபெக் 1950-ல் வெள்ளத்தில் மூழ்கியது. அந்த ஊர் வேறு வழி தேடியது. ஊரைச் சுற்றிக்கொண்டு வெள்ளம் போகும்படி 47 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வடிகால் வெட்டி 1968-ல் முடித்தார்கள். பணத்தைக் குழியில் கொட்டுகிறார் என்று அதை வெட்டச் செய்த மாகாண முதல்வர் டஃப் ராப்ளினைப் பரிகசித்து, டஃபின் பள்ளம் என்று பெயர் வைத்தார்கள். 1997-ல் நூற்றாண்டின் பெருவெள்ளம் வந்தபோது ஊரைக் காப்பாற்றியது அந்தப் பள்ளந்தான்.

எல்லாம் அங்கே சரியாக நடக்கிறது என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். 2013 ஜூனில் கால்கரி முழங்கால் முட்டத் தண்ணீரில் நின்றது. டொரண்டோவிலேயே டான் என்ற மற்றோர் ஆற்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் குச்சிபோல் நேராக்கி, பிறகு அதன் முகத்துவாரத்தைச் சமகோணத்தில் திருப்பித் துறைமுகக் கால்வாயில் விட்டார்கள். ஆறு அந்தத் திருப்பத்தை ஒப்புக்கொள்ளவே இல்லை; மழை வந்தால் கரை ஏறிவிடும். கடைசியில் நூறு கோடி டாலருக்கு மேல் செலவழித்து, வளைந்து நெளிந்து போகும் புதிய படுகை ஒன்றை வெட்டி, 2024-ல் ஆற்றை அதில் விட்டார்கள். ஆற்றின் வளைவை எடுத்ததற்குத் தாத்தா கொடுத்த கூலியைவிட, திருப்பிக் கொடுத்ததற்குப் பேரன் கொடுத்த விலை அதிகம்.

இங்கே என்ன செய்யலாம்?

நம் ஊர்களில் ஆற்றங்கரை அழகு, ஏரிக்கரை அழகு என்று திட்டம் வந்தால் முதலில் வருவது நடைபாதைக் கல்; அப்புறம் வண்ண விளக்கு; கடைசியில் ஒரு நீரூற்று. நடக்க வசதி வேண்டியதுதான், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஏரிக்கரையில் கல் பதிக்கும்போது ஏரிக்கு நீர் வரும் வாய்க்கால் எங்கே என்று கேட்பார் இல்லை. வாய்க்கால் அடைபட்ட குளத்துக்கு விளக்குப் போட்டால் வெறும் பள்ளம் வெளிச்சமாகத் தெரியும்; அவ்வளவுதான்.

திருவண்ணாமலையில் நம்பிக்கைக்கு இடம் இல்லாமல் இல்லை. மொட்டையாகக் கிடந்த மலையில் 1980-களின் பிற்பகுதியிலிருந்து தொண்டர்கள் மரம் நட்டு, காட்டுத் தீயோடு போராடி, தடுப்புகள் கட்டி, பச்சையைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். வேர் பிடித்த மண் சுலபத்தில் சரிவதில்லை. மரத்தடியில் விழுந்த மழை ஓடிவராமல் நடந்து வருகிறது. ஐயங்குளம் தூர்வாரிச் சீரமைக்கப்பட்டிருக்கிறது. தீபம் முடிந்த நாட்களில் அங்கே தெப்பம் நடக்கும்போது, நிறைந்த நீரில் சந்திரசேகரரும் அம்பாளும் முருகனும் வலம் வருவதைப் பார்த்தவர்களுக்கு, குளம் நிறைவது என்றால் என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மிச்சம் இருப்பது இடையிலுள்ள வழி. மலையில் மரம் இருக்கிறது, கீழே குளம் இருக்கிறது. நடுவில் ஓடை இருக்க வேண்டும். டொரண்டோவிடமிருந்து பெஞ்சையும் விளக்கையும் கடன் வாங்காவிட்டால் பாதகமில்லை. தண்ணீர் போகிற இடத்தில் இனி வீடு கூடாது என்ற தடையையும், ஏற்கனவே இருப்பவர்களுக்கு மாற்று இடமும் விலையும் கொடுத்துக் கௌரவமாகக் குடிமாற்றுகிற பொறுப்பையும் சேர்த்தே வாங்க வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றை வாங்கினால் ஏழையின் வீடு மட்டும் இடியும். ஓடைமேல் நிற்கும் பெரிய கட்டிடம் அப்படியே நிற்கும். அந்த வேடிக்கையை வேறு ஊர்களில் பார்த்திருக்கிறோம்.

ஓடை எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எதிரே நிலத்தின் தன்மை எழுதியிருக்கும். ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்று தனித்தனியாகக் குறித்திருப்பார்கள். முன்பெல்லாம் இதற்காகத் தாலுகா கச்சேரியில் காத்திருக்க வேண்டும். இப்போது தமிழ்நாடு அரசின் இணைய சேவையில் வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம். உங்கள் தெருவின் சர்வே எண்ணைப் போட்டுப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குவது வழக்கம். அதற்கு முன்னால் பார்த்துவிடுவது நல்லது.